வெளிப்பக்கப் பூட்டு

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, ஏழு மாதக் கர்ப்பிணியான அக்கா, அத்தான், இரவு வேலை முடிந்து வந்தும் தூக்கம் பிடிக்காத நான். கீழறையில் சில நாட்களாக அழுகிய முட்டை நாற்றமும் இருந்தது.

இந்தப் புறநகர் எண்ணெய் ஊராகப் பிறந்தது என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணெய்க் கிணறுகள் வற்றியதும் கம்பெனி அவற்றின் வாயை சிமென்ட்டால் அடைத்தது. மேலே மனை போட்டு, அங்கே உழைத்த குடும்பங்களுக்கே விற்றது. எங்கள் கீழறைத் தரைக்கு அடியிலும் ஒரு கிணறு.

கிணறுகள் இயங்கிய காலத்தில் ஒரு குழிக்குள் தேங்கிய விஷவாயுவில் என் சித்தப்பா மயங்கி விழுந்தார். தூக்கப் போன பெரியப்பா விழுந்தார். அவரைத் தூக்கப் போன அப்பா விழுந்தார். நான்காவதாக இறங்கப் போன அம்மாவை யாரோ கூந்தலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அதன்பின் ஊரில் தாழ்வான அறைகளுக்கெல்லாம் வெளிப்பக்கம் பூட்டு வந்தது. உள்ளே போனவன் குரல் கொடுக்காவிட்டால் பூட்டிவிட வேண்டும். அவனுக்காக அல்ல, அடுத்தவனுக்காக.

அத்தான் வெளியூர்க்காரர். கல்யாணமான நாள் முதல் அந்தப் பூட்டு அவருக்கு வேடிக்கை. "உங்க ஊர்ல திருடனை உள்ள விட்டுட்டுதான் பூட்டுவீங்களா?" என்பார். அன்று காலை, தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம் என்றேன். நாற்றத்துக்கெல்லாம் வண்டி அனுப்புவார்களா என்று சிரித்துவிட்டு, அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து டார்ச்சோடு இறங்கினார். நானும் அக்காவும் கீழறை வாசலில் நின்றோம்.

பாதிப் படியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"மேலதான் நாறுது. இங்க ஒண்ணுமே இல்ல, மச்சான்."

அந்த வாயு அளவு மீறினால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும்.

"நாத்தம் போகல அத்தான், உங்க மூக்கு போயிடுச்சு. ஏறி வாங்க."

"ராத்திரி முழிச்சா இப்படித்தான் உளறத் தோணும்," என்றார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. டார்ச் ஒவ்வொரு படியாக உருண்டு போகும் சத்தம் மட்டும் வந்தது.

"என்னங்க," என்றாள் அக்கா. மறுபடி கூப்பிட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள். பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். விட்டுவிட்டு நானே இறங்கினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

அம்மா ஈரக் கையோடு வந்தாள். கீழே எட்டிப் பார்த்தாள்.

"அவளை விட்டுடாத," என்றாள் என்னிடம். "வண்டிக்குப் போன் பண்ணு."

இருட்டுக்குள்ளிருந்து குறட்டை போல ஏதோ கேட்டது. அக்காவுக்கும் கேட்டது.

"அம்மா, மூச்சு இருக்கும்மா."

"தெரியும்," என்றாள் அம்மா. கதவைச் சாத்திப் பூட்டினாள்.