மெழுகுதிரித் திருநாள் வரைக்கும்

பந்தல்காரர் ஏணியில் ஏறி வாசல் ஸ்டாரின் கயிற்றில் கை வைத்தபோது, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளி எழுந்து ஓடி வந்தாள். விடியற்காலையில் புருஷன் அந்தோணிசாமியின் மூச்சு நின்றதிலிருந்து அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"அதத் தொடாதப்பா."

"கம்பு இடிக்குதும்மா. பொங்கலே போயிடுச்சு, இன்னும் கிறிஸ்மஸ் ஸ்டாரா?"

"மெழுகுதிரித் திருநாள் வரைக்கும் இருக்கணும். பிப்ரவரி ரெண்டு. எங்க வழக்கம்."

'எங்க' என்று சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. குறிஞ்சிப்பாடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டில் பிறந்தவள். முதல் தாரம் ராசம்மாள் செத்தபின் ரெண்டாம் தாரமாக இந்தக் கடலூர் வீட்டுக்கு வந்து, ஞானஸ்நானம் வாங்கி, ஜெபம் ஒவ்வொன்றாக மனப்பாடம் பண்ணினாள். நாத்தனார் முன்னால் தப்பு வந்துவிடக் கூடாது என்ற பயத்திலேயே பாதி விசுவாசம் வந்தது. ஸ்டார் விஷயம் கல்யாணமான வருஷமே அந்தோணிசாமி சொல்லிக் கொடுத்தது. "அவசரப்பட்டு எறக்காத புஷ்பா. மெழுகுதிரித் திருநாள் வரைக்கும் எரியட்டும்." அன்று முதல் சாயங்காலம் சுவிட்சைப் போடுவது அவள்தான். பொங்கலுக்கு வாசலில் கரும்பும் மேலே ஸ்டாருமாக இருக்கும். தெரு சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும், வழக்கம் என்றால் வழக்கம்.

சிதம்பரத்திலிருந்து வந்த நாத்தனார் ஜெயராணி, அண்ணன் முகத்தைப் பார்த்து அழுது ஓய்ந்து, வெளியே வந்து மூக்கைச் சிந்தினாள். அண்ணாந்து பார்த்தாள்.

"என்னாண்ணி, ஸ்டார இன்னும் எறக்கலையா?"

"மெழுகுதிரித் திருநாள் வரலையே ஜெயா."

"அதுக்கும் இதுக்கும் என்னா? நம்ம வூட்ல ஜனவரி ஆறு, மூணு ராஜா திருநாளோட எறக்கிடுவோம். குடிலும் அன்னிக்கே பரணுக்குப் போயிடும்." சொல்லிவிட்டு யோசித்தாள். கண் மறுபடி நிறைந்தது. "பிப்ரவரி ரெண்டா... அது ராசம்மா பெரியண்ணி செத்த நாளு. அப்ப ரெண்டு பேரும் சிதம்பரத்துல இருந்தாங்க. ஸ்டார் கட்டிட்டுப் படுத்ததுதான். 'நானே எழுந்து எறக்குறேன், யாரும் தொடாதீங்க'ன்னு சொல்லுச்சு. எழுந்திரிக்கவே இல்ல. அண்ணன் மறக்கல பாருங்க."

புஷ்பவள்ளி உள்ளே திரும்பி, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மறுபடி உட்கார்ந்தாள்.

வருஷா வருஷம் பிப்ரவரி ரெண்டு காலையில் அவர் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவார். "அந்த மாதா கோயில்ல மெழுகுதிரி மந்திரிச்சாத்தான் எனக்குத் திருப்தி" என்பார். மெழுகுதிரி பாக்கெட் வாங்கி வந்து, எலுமிச்சை சாதமும் கட்டிப் பையில் வைத்தது யார்? அவள்தான். மந்திரித்த மெழுகுதிரி ஒன்றுகூட வீடு திரும்பியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. எல்லாம் ராசம்மாளின் கல்லறையில் எரிந்திருக்கும்.

வந்தது பொறாமைதான், அதற்கு வேறு பேர் இல்லை. உயிரோடு இருக்கும் சக்களத்தி என்றால் குழாயடியில் வைத்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இவளோ சுவரில், செத்த தேதி எழுதாத போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டோவைத் தினம் துடைப்பதும் புஷ்பவள்ளிதான். இத்தனை வருஷம் இன்னொருத்திக்கு விளக்குப் போட்டிருக்கிறாள், அதையும் பெருமையாக. போனவருக்கு அழுவதா, ஏமாந்ததற்கு அழுவதா என்று தெரியவில்லை.

பங்குச் சாமியார் ஜெபம் முடித்தார். மூடாத சவப்பெட்டியை அவள் மகன் செம்பியனும் மற்றவர்களும் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள்.

"நில்லுங்க" என்றாள் புஷ்பவள்ளி. ஏணியைத் தானே இழுத்துப் போட்டு ஏறினாள்.

"என்னம்மா பண்ற?" என்றான் செம்பியன்.

"எறக்குறேன்."

"நீதான இருக்கட்டும்ன?"

"எறக்க வேண்டியவ எறக்கல. நான் எறக்குறேன்."

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். காகிதம் கிழிந்து ஒரு முனை கையோடு வந்தது. மிச்சத்தையும் பிய்த்துக் கீழே போட்டாள். பெட்டிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்து, "இப்ப போங்க" என்றாள். பெட்டி நகர்ந்தது.

அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியை ஜெயராணி ஊற்றிக் கொடுத்தாள். இருட்டத் தொடங்கியதும் புஷ்பவள்ளியின் கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. வாசலில், ஒயர் நுனியில் வெறும் பல்பு எரிந்தது.

"அணைச்சிடட்டுமாம்மா?" என்றான் செம்பியன்.

"இருக்கட்டும்."

"எது வரைக்கும்?"

அவள் வெளியே போய், காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஒயரை அந்த ஆணியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினாள்.