வாய் வைத்த கோப்பை

யுத்தம் முடிந்த மறுவருஷம், தூத்துக்குடிக் கருப்பட்டி வியாபாரி தாணுலிங்கம் மனைவி செல்லக்கனியோடு சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். கப்பல் கொழும்பில் ஒரு பகல் நின்றது. பயணிகளை மலை பார்க்கக் காரில் கூட்டிப்போனார்கள். தேரிக்காட்டுச் செம்மணலையே பார்த்துப் பழகிய செல்லக்கனிக்கு அத்தனை பச்சையில் கண் கூசியது.

தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். எச்சில் படக்கூடாதென்று கப்பலில்கூட அண்ணாந்தே குடித்தவள் செல்லக்கனி. இங்கேயும் அப்படியே தூக்கிக் குடித்தாள். வாசலில் கூடையோடு நின்ற கொழுந்துக்காரி சிரித்துவிட்டாள்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் குடிப்பாக."

"ஏளா, நீ எந்த ஊரு?"

"சாத்தான்குளம். அக்கா, இந்தத் தேயிலை எப்படி இருக்கு?"

"பறிக்கிறவளுக்குத் தெரியாதா?"

"எங்களுக்குத் தூசிதான் தருவாக."

செல்லக்கனி கோப்பையை நீட்டினாள். கொழுந்துக்காரி வாங்கி, வாய் வைத்துக் குடித்தாள். கங்காணி ஓடிவந்தான்.

"அம்மா, அது துரைமார் கோப்பை. கூலிக்காரி வாய் வச்சத இனி யாரு தொடுவா? உடைச்சுத்தான் போடணும்."

"வச்சிட்டு வாளா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார் தாணுலிங்கம்.

செல்லக்கனி கோப்பையைத் திரும்ப வாங்கினாள். பாதி மிச்சமிருந்தது. இந்தத் தடவை அவள் அண்ணாந்து குடிக்கவில்லை. கொழுந்துக்காரி வாய் வைத்த இடத்திலேயே தன் வாயை வைத்து, கங்காணியைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"இப்ப என் எச்சிலும் பட்டுட்டு" என்று கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்தே உடை."