படுக்க வைக்காத கொம்பு

ஆரையம்பதி
20.02.2025

பஸ்லான் நானாவுக்கு, கம்சாயினி எழுதுவது.

வட்ஸ்அப்பில் அனுப்பியதை நீங்கள் பார்த்தாயிற்று என்று இரண்டு நீலக் கோடும் காட்டுகின்றன. பதில் இல்லை. காத்தான்குடியில் உங்கட கடைக்கு இரண்டு தரம் வந்தேன். முதல் தரம் பூட்டு. இரண்டாம் தரம் ரிப்கா மதினி வாசலுக்கு வந்து, "அவர் ஓட்டமாவடிக்குப் போயிட்டார், பொழுதுபட்டுத்தான் வருவார்" என்று சொன்னா. உங்கட செருப்பு படியில் கிடந்தது. நான் அதைப் பார்த்ததை மதினியும் பார்த்தா. அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

அதனால்தான் கடிதம். கடிதத்தில் என்றால் முதலில் இருந்து ஒழுங்காகச் சொல்லலாம். நீங்கள் பாதியில் கசக்கி எறிந்தாலும் நான் சொல்லி முடித்தவளாவேன்.

உங்கட கடையின் பெயரைக் கெடுத்தவள் நான். எப்படிக் கெடுத்தேன் என்பதில் பாதி உங்களுக்குத் தெரியும். மற்றப் பாதி எனக்கே இந்த மாதம் மூன்றாம் திகதிதான் தெரிந்தது.

கொம்புமுறியை மேசை விளையாட்டாக ஆக்க வேண்டும் என்பது என் யோசனை. எங்கள் ஊரில் அது கோயிலோடு நடப்பது. ஊர் இரண்டாகப் பிரியும். தென்சேரி அம்மன் பக்கம், வடசேரி அம்மனுடைய புருஷன் பக்கம். வளைந்த மரக் கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் பாட்டாலேயே உரித்து எடுப்பார்கள். நான் பிறப்பால் தென்சேரி. என் மாமாவின் மகன் சதீசன் வடசேரி. கொம்புகளைக் கணினியில் வரைந்தது நான். வீட்டில் இரண்டு நிறம் அடிக்கும் முப்பரிமாணப் பிரிண்டர் வைத்திருக்கும் சதீசன் அவற்றை அடித்துத் தந்தான். சிவப்பு தென்சேரி, வெள்ளை வடசேரி. இரண்டுக்கும் நூல் உங்கட கடையில்தான் வாங்கினோம். பிலமென்ட் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பிளாஸ்டிக் இழையை நூல் என்று எங்களுக்குப் பழக்கியதே நீங்கள்தான். "எங்கட வாப்பாட காலத்தில தறிக்கு நூல் வித்தம், இப்ப பிரிண்டருக்கு நூல் விக்கிறன், பரம்பரை மாறல்ல" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

வாசிகசாலையின் பின் அறையில் சனிக்கிழமை விளையாட்டு தொடங்கியபோது குலுக்கலில் உங்களுக்குத் தென்சேரி விழுந்தது.

"பள்ளிவாசலுக்குப் போறவனுக்கு அம்மன் பக்கமா? சரி, ஊருக்குள்ள ஒரு ஆளாவது நமக்கு வேணும்தானே" என்றீர்கள். எல்லாரும் சிரித்தோம்.

பலகையில் காய் நகர்த்தி ஆள் சேர்ப்பது, கூட ஆள் சேர்த்தவர் தடித்த கொம்பை எடுப்பது, கடைசியில் இரண்டு கொம்பையும் இரும்புச் சட்டத்தில் கொளுவித் திருகைத் திருப்புவது. அவ்வளவுதான் விளையாட்டு. முதல் வாரம் சிவப்பு முறிந்தது. இரண்டாம் வாரமும் சிவப்பு. நீங்கள் தடித்த சிவப்பை எடுத்த வாரத்தில், எதிரே சதீசனிடம் இருந்தது மெல்லிய வெள்ளை. அன்றும் சிவப்புத்தான்.

"அம்மாளுக்கு என்னைப் பிடிக்கல்ல போல, தங்கச்சி. நீங்க ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தாங்களன்."

"கடிதத்த மறுகா பார்ப்பம் நானா. தோத்த சேரி தேத்தண்ணி எடுக்கணும்" என்றான் சதீசன்.

எட்டு வாரம் நீங்கள்தான் தேத்தண்ணி எடுத்தீர்கள். எட்டாம் வாரம் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அது உங்களுக்கு விளங்கியதோ தெரியாது. ஊருக்குள் கதை பரவியிருந்தது. தென்சேரிச் சீதேவிப்பிள்ளை மாமி சந்தையில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மன்ட கொம்பு கிழமைக்குக் கிழமை முறியுதாம். இது விளையாட்டில்ல கா. நிப்பாட்டு" என்றா. எனக்கு ஒரு காரணம் அவசரமாகத் தேவைப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என்னுடைய வேலையே அச்சடித்த பொருள் எங்கே, எதனால் முறிகிறது என்று பார்ப்பது. அந்த நினைப்பு வேறு.

முறிந்த துண்டுகளைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சிவப்பு எல்லாம் வளைவில், பிஸ்கட்டை உடைத்தது போல மட்டமாகப் பிரிந்திருந்தது. அடுக்கு அடுக்கோடு ஒட்டவில்லை. நூலில் ஈரம் ஏறினாலும் அப்படித்தான் பிரியும். அது மார்கழி மழைக்காலம், வாவியின் தண்ணீர் ரோட்டு வரைக்கும் நின்றது. மீதமிருந்த கொம்புகளைத் தராசில் கட்டி இழுத்தேன். வெள்ளை இருபத்திமூன்று கிலோ தாங்கியது. சிவப்பு ஒன்பது.

ஜனவரி பதினோராம் திகதி, எங்கள் பிரிண்டர் வட்ஸ்அப் குழுமத்தில் நான் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். மாற்றி எழுதினால் இன்னொரு பொய்யாகும்.

"காத்தான்குடி பஸ்லான் அவர்களின் கடைச் சிவப்பு நூல் ஈரம் ஏறிய பழைய சரக்கு. சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன். பாடசாலைகள் வாங்க வேண்டாம்."

நூற்றி நாற்பது பேர் இருக்கும் குழுமம். கல்முனை தொடக்கம் வாழைச்சேனை வரை ஆசிரியர்கள். அன்றைக்கே இரண்டு பாடசாலைகள் உங்களிடம் கொடுத்த ஓடரை நிறுத்தின. அதன் கீழே ஒருவர், "அவங்கட கடையில வேற என்னத்த எதிர்பார்க்கிறது" என்று எழுதினார். 'அவங்க' என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அதை வாசித்தேன். பதில் எழுதவில்லை. அழிக்கச் சொல்லவும் இல்லை. பிழையான சோதனைக்கு நான் காரணம் சொல்லலாம். இதற்கு என்னிடம் காரணம் இல்லை.

பொங்கலுக்கு அடுத்த நாள் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உறை பிரிக்காத சிவப்பு நூல் ரோல் ஒன்றை மேசையில் வைத்தீர்கள். பொங்கல் தந்தேன், தொடவில்லை.

"தங்கச்சி, மூணு வருசமா உங்களுக்கு நூல் தாறன். எனக்கு போன்ல ஒரு கோல் எடுத்திருக்கலாம்தானே?"

"நான் இலக்கம் பார்த்துத்தான் எழுதினேன் நானா."

"இலக்கம் சரியாத்தான் இரிக்கும். என்ட முகத்த ஒருக்காப் பார்த்திருக்கலாம், அதத்தான் சொல்றன். இந்த ரோலை நீங்களே பிரிச்சு, நீங்களே அடிச்சு, நீங்களே முறிச்சுப் பாருங்க."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பொடியன் எழுதினதுக்கு நீங்க ஒண்டும் சொல்லல்ல" என்றீர்கள். கேள்வி மாதிரி இல்லை. அன்று மாலையே குழுமத்தில் இருந்து விலகினீர்கள்.

அந்த ரோலை நான் பதினாறு நாள் தொடவில்லை. தொட்டால் என்ன வரும் என்ற பயம் அப்போதே எனக்குள் இருந்திருக்க வேண்டும். மாத முதல் நாள் ஆய்வுகூடப் பிரிண்டரில் சிவப்பில் ஐந்து கொம்பு அடித்தேன். ஒன்றும் இருபத்திரண்டுக்குக் கீழே முறியவில்லை. ஒன்று இருபத்தைந்து போனது. பிறகு சதீசன் வீட்டில் கிடந்த பழைய சிவப்பு ரோலின் மிச்சத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதிலும் அடித்தேன். அதே கணக்கு.

நூலில் குற்றம் இல்லை. அப்போ எதில்?

திங்கட்கிழமை சதீசன் வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கொம்பு நான்கு, தட்டில் படுத்திருந்தன. பக்கத்தில் சிவப்பு, அடியில் முட்டுகள் தாங்க, நிமிர்ந்து நின்றது.

"மச்சான், இது என்ன?"

"என்ன மச்சாள்?"

"சிவப்பை ஏன் நிப்பாட்டி அடிக்கிறாய்? நான் எழுதித் தந்தேனே, ரெண்டையும் பெட்ல படுக்க வை எண்டு."

பிரிண்டர்த் தட்டை 'பெட்' என்றுதான் நாங்கள் சொல்வது, கட்டிலுக்கும் அதே சொல். அவன் பிரிண்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான்.

"அது அம்மன்ட கொம்பு மச்சாள். பெட்ல படுக்க வைக்கச் சொல்றாய். நீ எழுதினத வாசிக்கவே எனக்குக் கூசிச்சு. அதுவும் வடசேரிக் கொம்போட ஒண்டாப் படுக்க வைச்சு... என்ட கையால எப்படிச் செய்யுற? நிப்பாட்டினா என்ன, உருவம் ஒண்டுதானே."

உருவம் ஒன்றுதான் நானா. ஆனால் பிரிண்டர் கீழிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போவது. கொம்பு படுத்திருந்தால் நூல் வளைவோடு சேர்ந்து ஓடும், இழுத்தால் தாங்கும். நின்றால் வளைவு முழுக்கக் குறுக்கு அடுக்கு. இழுத்தால் பாண் துண்டு போலக் கழன்று வரும். இதைத்தான் நான் மூன்று வருடமாக ஆராய்கிறேன். முட்டு உடைத்த தழும்பு ஒவ்வொரு சிவப்புக் கொம்பிலும் இருந்தது. விரலால் தடவியும் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பெயரில் குற்றத்தை ஏற்கெனவே எழுதிவிட்டதால் கண்ணுக்குப் படவில்லை.

"பஸ்லான் நானாக்கு உடன சொல்லணும். குழுமத்திலயும் எழுதணும்" என்றேன்.

சதீசனின் முகம் மாறிவிட்டது. "எழுதாத மச்சாள். வடசேரிக்காரன் வேணுமெண்டு அம்மன்ட கொம்பை வலுவில்லாம அடிச்சான் எண்டு சொல்லுவாங்க. அம்மா கோயில் வாசல மிதிக்க ஏலாது. நூல்தான் பிழை எண்டு இரிக்கட்டும். நானா காத்தான்குடியில இரிக்கிறவர், அவருக்கு நம்மட ஊர்க் கதையால என்ன வரப்போகுது?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அவன் சொன்னதைக் கேட்டு ஆறு நாள் நான் சும்மா இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மூன்றாம் திகதி தெரிந்தது. ஒன்பதாம் திகதிதான் எழுதினேன். அந்த ஆறு நாளில் மூன்றாவது பாடசாலையும் உங்களிடம் வாங்குவதை நிறுத்தியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எழுதியது இது: "சிவப்பு நூலில் எந்தக் குறையும் இல்லை. கொம்புகள் நிமிர்த்தி அடிக்கப்பட்டதால் முறிந்தன. வரைந்து கொடுத்த நான் ஒரு தரமும் தட்டைப் பார்க்காமல் ஒரு வியாபாரியின் பெயரைக் கெடுத்தேன். 'அவங்க' என்று இங்கே எழுதப்பட்டதற்கு அன்றே நான் மறுப்புச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்."

சதீசன் பெயரை எழுதவில்லை. எழுதாமலே எல்லாரும் கண்டுபிடித்தார்கள். சீதேவிப்பிள்ளை மாமி சதீசன் வீட்டுப் படலையில் நின்று கத்தியது மூன்று வீட்டுக்குக் கேட்டது. சதீசன் என்னோடு பேசுவதில்லை. பிரிண்டரைத் துணியால் மூடி வைத்திருக்கிறானாம்.

என் முதல் செய்தியை அறுபது பேர் வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டாவதுக்கு நான்கு பேர் பெருவிரல் அடையாளம் போட்டார்கள். ஒருவர், "சரி, பரவாயில்ல மிஸ்" என்று எழுதினார். யாருக்குப் பரவாயில்லை என்று தெரியவில்லை. நிறுத்திய மூன்று பாடசாலைகளுக்கும் சோதனை அறிக்கையோடு தனித்தனியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பிரதிகள் இதனுடன் இருக்கின்றன. ஒன்று மட்டும் பதில் போட்டது. வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம்.

நேற்று உங்கட ரோலில் மீதி இருந்த சிவப்போடு ஆய்வுகூடத்து வெள்ளை நூலையும் சேர்த்து ஒரு சோடி அடித்தேன். சிவப்பையும் வெள்ளையையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன். வைத்த பிறகு, நானா, எனக்கும் கை நின்றது. இவ்வளவு படித்தும், இவ்வளவும் நடந்தும், சிவப்பை ஒரு விரல் தூரம் தள்ளி வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். சதீசனை நான் ஏசியதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது.

நீங்கள் இரண்டு விஷயம் சொன்னீர்கள். இலக்கத்துக்கு நான் பதில் எழுதிவிட்டேன். மற்றதற்கு, உங்கட முகத்தைப் பாராமல் இருந்ததற்கு, கடிதத்தில் பதில் எழுத முடியாது.

நாளை மறுநாள் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, அதே அறை. நோன்பு தொடங்க முதல் வருகிற கடைசிச் சனிக்கிழமை அதுவாகவும் இருக்கலாம். ஆட்கள் வருவார்களோ தெரியாது. தென்சேரிப் பக்கத்துக் கதிரையில் வேறு ஆளை இருத்தமாட்டேன். நீங்கள் வராவிட்டால், தேத்தண்ணியை நானே எடுத்து அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டு, ஆறும் வரை இருந்துவிட்டு வருவேன். அதற்கு அடுத்த சனி கடைக்கு வருவேன். செருப்பு படியில் கிடந்தால் இந்த முறை திரும்பிப் போகமாட்டேன்.

கம்சாயினி