பென்சில் பக்கம்

நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர், "இந்த ஆபீசுக்கு ரெண்டு பேர் வேணுமா?" என்று கேட்டார். "ஒருத்தரே போதும் சார், நான் சமாளிச்சுக்குவேன்" என்றேன். பெருமை, வேறென்ன?

முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதியம், ஊன உதவித்தொகை என்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. இரண்டு மேசை, ஒரு போன், கதவு சரியாகச் சாத்தாத ஒரு பீரோ. நான் எழுத்தர். எதிர் மேசையில் இருந்தவளை எல்லோரும் 'தற்காலிகம்' என்றுதான் கூப்பிடுவோம். நான்கு வருடமாக அவள் தற்காலிகம்தான். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பதிவேட்டில் மையால் ஏற்றிவிட்டால் முப்பது நாளுக்குள் எல்லாத் தாளும் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தள்ளுபடி, மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் குறையுள்ளவற்றைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைப்போம். செவ்வாய்தோறும் தற்காலிகம் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் போனில் பிடிப்பாள். "மாமா, அந்த போட்டோ எங்க? அத்தையத் தேடச் சொல்லுங்க, உங்களால ஆகாது" என்பாள். தாள் வந்துவிடும், மையில் ஏற்றிவிடுவோம். இதில் எனக்கும் ஒரு லாபம் உண்டு. பென்சிலில் இருப்பது நிலுவையில் சேராது. மாதாமாதம் என் அறிக்கையில் நிலுவை இல்லை. அதைப் பார்த்துத்தான் ஆய்வாளர் அந்தக் கேள்வியையே கேட்டார்.

அடுத்த மாதம் அவளை அனுப்பிவிட்டார்கள். போகும்போது, "அக்கா, செவ்வாய்க்கிழமைய மறந்துடாதீங்க" என்றாள். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றேன். இரண்டு செவ்வாய் கூப்பிட்டேன். அப்புறம் வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. செவ்வாய் எது, புதன் எது என்றே தெரியவில்லை. ஆள் போதவில்லை என்று எழுதிக் கேட்டிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

பீரங்கிப் படையில் இருந்த பெரியவர் வந்தது அந்தச் சமயத்தில்தான். பீரங்கிச் சத்தத்தில் இரண்டு காதும் போனவர். அதற்கான உதவித்தொகை கேட்டு வந்தார். தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி பேசுவார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததை அவர் போன பிறகுதான் பார்த்தேன். பென்சிலில் குறித்தேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்து, "என்னாச்சும்மா?" என்று கத்தினார். இருந்த எரிச்சலில் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'நாங்களே போனில் கூப்பிடுவோம். வர வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இன்று காலை அவர் மனைவி வந்தார். பெரியவர் இறந்து மூன்று வாரமாம்.

"அவரு போட்ட மனு இருக்கில்லம்மா, அத வெச்சு எனக்கு ஏதாவது வருமா? வாடகை குடுக்க முடியல. வீட்ட காலி பண்ணச் சொல்றாங்க."

அவர் உயிரோடு இருந்தபோது பதிவாகியிருந்தால் தொகை மனைவிக்குத் தொடரும். பதியாவிட்டால் ஒன்றும் கிடையாது. பழைய தேதி போட்டு மையில் ஏற்றிவிடலாமா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யோசித்தேன். பதிவுகளுக்கு வரிசை எண் உண்டு. நடுவில் நுழைக்க இடமே இல்லை. அப்போதுதான் தாளை எடுத்து, அந்த அம்மாவுக்குத் தொகை தரக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். விண்ணப்பம் ஐந்து மாதத்துக்கு முன்பே, அவர் உயிருடன் இருந்தபோது, என் கையில் தரப்பட்டது. பதியாமல் வைத்திருந்தவள் நான். குறையைத் தெரிவிக்க ஒரு தடவைகூட அவருக்குப் போன் செய்யவில்லை. பென்சில் பக்கத்தை நகலெடுத்துச் சேர்த்தேன். வேலை போனால் போகட்டும்.

"படிச்சுப் பாத்துட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்கம்மா. மேல ஒத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நடந்தது இதான். தப்பு என்னோடது."

எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"போன் பண்ணவே இல்லியா?"

"இல்லம்மா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"பகல்ல நான் வேலைக்குப் போயிடுவேன். அவரு போன் மேல கைய வெச்சுட்டே உக்காந்திருப்பாரு. அடிச்சா கையில தெரியும், எடுத்து 'இதோ வரேன்'னு சொல்லிட்டு உங்க ஆபீசுக்கு ஓடிடலாம்னு. சாப்பிடக்கூட எந்திரிக்க மாட்டாரு."

விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

"'அவங்க கூப்பிட்டிருப்பாங்க, எனக்குத்தான் தெரியாம போயிடுச்சு, உன்னயத் தெருவுல விட்டுட்டேனே'ன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாரும்மா."