சிவப்பு வயர்

ஞாயிற்றுக்கிழமை. அடுப்படி வேலை முடிந்துவிட்டது. வெளியே இலையுதிர் காலத்துக் காற்று தெருமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே கேரம் போர்டைச் சுற்றி மனைவி, மகள், கொழுந்தியாள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்னதான் வேண்டும்? ஆனால் நம்ம மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் காயை விட்டுவிட்டுக் கொழுந்தியாளின் காயைக் குழியில் தள்ளினார்.

"மாமா எனக்காகவே ஆடுறாரு, அக்கா. நீ பொறாமைப்படாதே" என்றாள் அவள்.

"ஒரு நாள் வீட்டுல இருங்கன்னா முள்ளு மேல உட்கார்ந்த மாதிரி நெளியறீங்களே!" என்றாள் மனைவி.

அவர் எழுந்துபோய் மறுபடியும் வேலைப்பையைக் கிளறினார்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கதவு மூடாமல் லிஃப்ட் நகரக் கூடாது. அதற்கென்றே கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. சோதித்துப் பார்க்கும்போது அந்த சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு வயரை மாட்டி அதை ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்தால் போச்சு, கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிடும். மறக்கக் கூடாது என்றுதான் அவர் கண்ணில் அடிக்கிற மாதிரி நீளமான சிவப்பு வயர் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வேலை. இன்றைக்குப் பையில் அந்த வயரைக் காணோம்.

அந்தக் கட்டிடத்து வாட்ச்மேனுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. ஆனால் விஷயம் கம்பெனிக்குப் போகும். ஏற்கெனவே ஒரு தடவை மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இன்னொரு தடவை என்றால் வேலை அம்பேல். பயந்தார். யார் உயிரோ போகலாம் என்று தெரிந்தும் காலையிலிருந்து பயந்துகொண்டே பையைத்தான் கிளறிக்கொண்டிருந்தார், என்ன சொல்ல!

கடைசியில் பையைத் தரையிலே கவிழ்த்தார்.

"அப்படி என்னத்தைத் தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"சிவப்பு வயர்."

கொழுந்தியாள் நாக்கைக் கடித்தாள். "அய்யோ மாமா, அதுவா! ஜன்னல் கதவு காத்துல டமால் டமால்னு அடிச்சு என் உயிரை வாங்குச்சு. நான்தான் எடுத்துக் கட்டி வச்சேன்."

திரைச்சீலையை விலக்கினாள். ஜன்னல் கொக்கியில் சுற்றிக்கொண்டு கிடந்தது வயர்.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி!" என்று சிரித்தார். நெஞ்சில் இருந்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டினார். "இதை மனசுல வச்சுக்கிட்டா கேரம் ஆடினீங்க?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தாள். டீ உள்ளே இறங்கியதும் வரிசையாகக் காய்கள் விழுந்தன.

"ஆமா, எப்ப சுட்டே அதை?" என்றார் கொழுந்தியாளிடம்.

"வெள்ளிக்கிழமை காலைல. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க."

அவர் கை அப்படியே நின்றது. காலையிலா? அப்படியானால் வயர் வேலைக்கே போகவில்லை. இப்போதுதான் ஞாபகம் வந்தது: பையில் கைவிட்டுத் தேடியது, கிடைக்காமல் திட்டியது, அவசரத்தில் ஒரு துண்டுக் கறுப்பு வயரை வெட்டி மாட்டியது. மற்ற கறுப்பு வயர்களோடு வயராக. கழற்றிய ஞாபகம் இல்லவே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். "வேலை போனாப் போகட்டும். போடுங்க."

"மெயின் சுவிட்சை அணைங்க. யாரும் லிஃப்ட்ல ஏறக் கூடாது. ஓடுங்க!" என்று வாட்ச்மேனிடம் கத்தினார்.

வாட்ச்மேன் மூச்சிரைக்கப் போனுக்குத் திரும்பி வந்தார். "அணைச்சுட்டேன் சார். உள்ளே யாருமில்ல. என்னாச்சு?"

"தப்பு என்னோடது. கதவு சுவிட்ச்சுல வயரைக் கழட்டாம வந்துட்டேன். கம்பெனிக்கு நானே சொல்லிடறேன்."

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார்.

"சார், மூணாவது மாடி அம்மா காலைல இதைத்தான் சொன்னாங்க. கால் வைக்கும்போதே லிஃப்ட் கிளம்பிடுச்சு, பின்னாடி விழுந்ததால தப்பிச்சேன்னு. வயசாச்சு, கண்ணு தெரியலன்னு எல்லாரும் சிரிச்சோம். இனிமே தனியா வெளிய போகக் கூடாதுன்னு அவங்க மகன் உள்ளே உட்கார வச்சுட்டாரு."

மெக்கானிக் ஸ்பேனர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பவே கிளம்பி வரேன். முதல்ல அந்த மகனைப் பார்க்கணும்" என்றார். "அவங்க அம்மா கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லணும்."