ஓட்டுப் போட்டவர்கள் வெளியே போகலாம்

என் மார்புக்குத் தேர்தல் நடக்கும் செய்தி, கடையில் ஒரு பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடி மேசையில் கிடந்த போன் விடாமல் கத்தியது. எடுத்துப் பார்த்தால் புகுந்த வீட்டு வாட்ஸாப் குரூப். 'அண்ணி ஆபரேஷன்' என்று தலைப்பு வைத்து என் கொழுந்தன் ஓட்டெடுப்பு போட்டிருந்தான். முழுசா எடுக்கறது, கட்டியை மட்டும் எடுக்கறது, பெரியவங்க சொல்றபடி என்று மூன்று கட்டங்கள். கட்டியை மட்டும் எடுக்கும் கட்சி முன்னணியில் இருந்தது.

நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு சித்தப்பா ஓட்டுப் போட்டுவிட்டுக் கைகூப்பும் பொம்மை வேறு வைத்திருந்தார். நாத்தனாரின் மருமகனும் போட்டிருந்தான். என் எதிரில் உட்காரவே கூச்சப்படுகிற பிள்ளை அது. என் மார்பைப் பற்றி மட்டும் அவனுக்குத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் என் கணவர்தான். வலது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று உறுதியானதும், அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"ரெண்டு வழி இருக்கு. கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சமும் எடுத்துட்டு, அப்புறம் சில வாரம் கதிர்வீச்சு குடுக்கலாம். இல்லைன்னா மார்பை முழுசா எடுத்துடலாம். இவங்க நிலைமைக்கு ரெண்டுமே உயிருக்கு ஒரே அளவு பாதுகாப்புதான். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். எதுவானாலும் நோய் பரவியிருக்கான்னு அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டியையும் எடுத்துப் பாக்கணும்."

சொன்னதெல்லாம் சரி. ஆனால் சொல்லும்போது அவர் கண் முழுக்க என் கணவர் மேலேயே இருந்தது. கட்டி என்னவோ அவருக்கு வந்ததுபோல.

அக்குள் என்று கேட்டதும் என் கடைக்கு வரும் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவளுக்கு நெறிக்கட்டியை மொத்தமாக வழித்தெடுத்த பிறகு கை வீங்கிப்போய், சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. நான்தான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். என் பிழைப்போ நாள் முழுக்க வலது கையைத் தூக்கிப் பிடிக்கிற பிழைப்பு. மார்பு போனாலும் கத்தரி பிடிக்கலாம். கை போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

"வீட்ல பேசிட்டுச் சொல்றோம் டாக்டர்."

வீட்டில் பேசினார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"முழுசா எடுத்துட்டா அப்புறம் என் தம்பி பாவம் இல்லையா? அவனுக்கும் வயசு இருக்கே," என்றாள் நாத்தனார். என்னவோ வீட்டில் ஒரு அறையை இடிக்கப் போவது மாதிரி பேச்சு. கொழுந்தன் என் தோளைத் தட்டி, "நீங்க டென்ஷன் ஆகாதீங்க அண்ணி, எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்," என்றான். அவன் கேட்ட லட்சணம்தான் அந்த ஓட்டெடுப்பு.

அவர்கள் எல்லாரும் போன பிறகு கணவரிடம் சொன்னேன். "என் கை என்ன ஆகும்னு டாக்டரம்மாகிட்ட கேக்கணுங்க."

"முதல்ல உயிரைப் பாரு. கையாம் கை," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. யார் யார் எதற்குப் போட்டார்கள் என்று பார்த்தேன். அந்தக் குரூப்பில் பாதித் தலைகள் நான் வெட்டிவிடும் தலைகள். மாதம் தவறாமல் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் சமையலறையில் வந்து உட்காரும் ஓசித் தலைகள். ஒருத்தராவது கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கடைசியில் என் கணவர் பெயரும் இருந்தது. 'பெரியவங்க சொல்றபடி'க்குப் போட்டிருந்தார். பதினெட்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன். இதிலும் சொந்தமாக ஒரு எண்ணம் இல்லை. எதிர்க்கட்சிக்குப் போட்டிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு ஒரு பட்டாளமே கிளம்பியது. டாக்டரம்மாவின் மேசையில் ரப்பரில் செய்த மார்பு ஒன்று இருந்தது. கட்டி எங்கே, எவ்வளவு எடுப்பார்கள் என்று காட்ட வைத்திருப்பது. பல பேர் கைபட்டு அழுக்கேறிக் கிடந்தது. உட்கார்ந்ததும் கொழுந்தன் அதை எடுத்து அமுக்கிப் பார்த்தான். பிறகு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். நாத்தனார் அவன் முழங்கையில் இடித்தாள், ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. என் உடம்பெல்லாம் கூசியது.

"டாக்டர், குடும்பமே உக்காந்து பேசிட்டோம். கட்டியை மட்டும் எடுத்தா போதும். மெஜாரிட்டி அதுதான்," என்றான் கொழுந்தன்.

"மெஜாரிட்டியா?" என்றார் டாக்டரம்மா.

போனை நீட்டிக் காட்டினான். அவர் படித்துவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கும்மா போட்டீங்க?"

"நான் போடலை. இதுல ஓட்டுப் போட்டவங்க எல்லாரும் வெளியே போங்க. எனக்கு டாக்டர்கிட்ட பேசணும்."

யாரும் அசையவில்லை. "என்ன பேச்சு இது, பெரியவங்க முன்னாடி?" என்றாள் நாத்தனார். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக முனகிக்கொண்டே போனார்கள். கணவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"நானுமா?"

"நீங்களும்தான் போட்டீங்க."

கதவு சாத்தியதும் நான் கேட்ட முதல் கேள்வி கைதான். எழுந்து நின்று, கத்தரி பிடிக்கிற மாதிரி வலது கையை உயர்த்திக் காட்டினேன்.

"இதை நீங்க அன்னைக்கே கேட்டிருக்கலாமே," என்றார்.

"அன்னைக்கு நீங்க என் பக்கமே பாக்கலையே."

அவர் முகம் சுருங்கியது. எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நிதானமாகவே பேசினார். எடுத்த எடுப்பில் நெறிக்கட்டிகளை மொத்தமாக வழிப்பதில்லையாம். மையைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிப்பார்களாம். அதில் நோய் இல்லையென்றால் மிச்சத்தைத் தொட மாட்டார்கள். கைக்கு ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது, பயிற்சி விடாமல் செய்ய வேண்டும் என்றார். இரண்டு வழியில் எதில் தோள் சீக்கிரம் தேறும் என்று கேட்டேன். உங்களுக்குக் கட்டியை மட்டும் எடுப்பதில்தான் என்றார்.

ஜெயித்த கட்சி. அவர்கள் கைதட்டி மகிழப் போவதை நினைத்தாலே ஓங்கரித்தது. அவர்களுக்கு உறைப்பதற்காகவாவது முழுசாக எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அப்போதும் என் உடம்பில் அவர்கள் ஓட்டுத்தானே செல்லும்?

"கட்டியை மட்டும் எடுங்க. வெளியே இருக்கிறவங்க யாருக்கும் சொல்லாதீங்க," என்று கையெழுத்துப் போட்டேன்.

வராந்தாவில் என்னைக் கண்டதும் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கணவர் மட்டும் பின்னாலேயே படி இறங்கி வந்தார். எது என்று கேட்கவில்லை. பின்கழுத்தைத் தடவிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை முடி வெட்டி விட்டுடேன். அப்புறம் உனக்குக் கை தூக்க வருமோ என்னவோ."

கை அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

"குரூப்ல போடுங்க," என்றேன். "எல்லாரும் ஓட்டுப் போடட்டும்."