செர்வாவின் பற்கள்

அப்பாவின் உடலைச் சுற்றி வரும்போது செர்வா சிரித்தாள்.

கை சரியாகத்தான் இருந்தது. அம்மா அப்ராஃபி ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, சரிகைத் துணி விரித்த கட்டிலை மெதுவாகத்தான் சுற்றினாள். முகத்துக்கு யார் சொல்லிக் கொடுப்பது? ஒன்பது வயது. ஊசி போட்டாலும் பல் தெரியும், இடி இடித்தாலும் தெரியும். பயம் கூடக்கூட இன்னும் நன்றாகத் தெரியும். பந்தலில் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி உட்கார்ந்திருந்த இருநூறு பேருக்கு இது தெரியாது.

இறந்தவரின் தங்கை ந்யார்கோ ஒப்பாரியை நிறுத்தினாள்.

"பாத்துக்குங்க. சூனியம் வச்சு எங்க அண்ணனைத் தின்னது யாருன்னு இனிமே யாரும் கேக்க வேண்டாம்."

"வாயைக் கழுவு. அது பயத்துல அப்படிப் பண்ணுது," என்றாள் அப்ராஃபி.

"பயந்தா எங்க வீட்ல அழுவோம், அண்ணி. உங்க வீட்ல பல்லு வெளக்குவீங்களோ?"

பின்வரிசையில் யாரோ கனைத்துச் சிரித்தார்கள்.

அப்ராஃபியின் அண்ணன் ஒப்போங் எழுந்து வந்தார். பிள்ளை தாய்வழிக் குலத்துக்குச் சொந்தம். தாய்மாமன் சொல்வதுதான் கடைசிச் சொல். கையில் வண்டிச் சாவி. ஜெப முகாமில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அங்கே சூனியக்காரி என்று பேர் வாங்கிய பிள்ளைகளை மரத்தில் சங்கிலியால் கட்டி, பட்டினி போட்டு ஜெபிப்பார்கள்.

"மானம் போச்சு, அப்ராஃபி. எல்லாரும் பாக்க ஒரே ஒரு தடவை அவளை அழ வை. அழுதுட்டா நான் முகாமுக்குக் கூட்டிட்டுப் போகல."

அப்ராஃபி மண்டியிட்டாள். மகளின் கையைக் கீழே இறக்கி, உட்புறச் சதையைக் கிள்ளினாள். இதுவரை அடித்ததுகூட இல்லை.

"அழுடி, கண்ணு. கொஞ்சூண்டு."

பற்கள் இன்னும் தெரிந்தன.

"நல்லாக் கிள்ளு," என்றது ஒரு குரல்.

நகம் இறங்கியது. ரத்தம் துளிர்த்தது. செர்வாவின் ஈறுவரை தெரிந்தது. அப்ராஃபி அந்தத் துளியைக் கட்டைவிரலால் துடைத்தாள். மூன்றாவது முறை கிள்ள விரல் மடங்கவில்லை.

எழுந்தாள். உடுத்தியிருந்த கறுப்புத் துணியின் நுனியால் கன்னத்தை ஒற்றிக்கொண்டாள். மகளின் தோளைப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பிறகு அந்த விதவை எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தாள்.

"வண்டில ரெண்டு பேருக்கு எடம் இருக்காண்ணே?"

ஒப்பாரி முழுதாக நின்றுபோனது. ந்யார்கோ நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். ஒப்போங் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கட்டிலருகே துக்கக் கறுப்பில் இரண்டு பேர், பல்லை மூடாமல்.